மந்திரித்த கட்டில்

எங்கள் வீட்டுக்கும் சகாயராணி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நாகல் நகரில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாமே அப்படி. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பூக் கட்டுகிறவள். ஒட்டுக் கேட்கிற புத்தி எனக்குக் கிடையாது. தானாக வந்து காதில் விழுந்தால் பஞ்சை வைத்தா அடைத்துக்கொள்ள முடியும்?

தொண்ணூற்றாறாம் வருஷம் சகாயராணியின் மூத்த மகன் பெலிக்ஸுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் சேவுகம்பட்டி, பெயர் வினோலியா. தாயில்லாப் பிள்ளை. அப்பா ராயப்பராஜ் தென்னையும் தக்காளியும் வைத்திருந்தார். மகளுக்கென்று தோட்டத்து வேம்பை அறுத்து, ஆசாரியைத் தோட்டத்திலேயே உட்கார வைத்து, கூடவே நின்று ஒரு கட்டில் செய்து வாங்கினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் சீரோடு சேர்ந்து அதுவும் டெம்போவில் வந்து இறங்கியது. வாசலுக்குள் நுழையவில்லை. மனிதர் தெருவிலேயே வைத்துக் காலையும் சட்டத்தையும் தனித்தனியாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஊரில் பந்தல் வேலை கிடக்கிறதென்று கிளம்பிப் போனார்.

சாயந்திரம் சாமியார் வந்து மணமக்கள் அறையை மந்திரிப்பதாக ஏற்பாடு. அவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். தெருமுனையில் பைக் சத்தம் கேட்டதும் சகாயராணி கத்தினாளே ஒரு கத்தல்!

"ஏலே ரொனால்டு, சாமியார் வந்துட்டாருடா! அந்தக் கட்டில மாட்டித் தொலைடா!"

இளைய மகன் ரொனால்டு கையில் அகப்பட்ட காலை அகப்பட்ட துளையில் செருகினான். நுழையாததை அம்மிக் குழவியால் அடித்து இறக்கினான். சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னபோது கட்டில் என்னவோ நின்றுகொண்டுதான் இருந்தது.

கல்யாணம் முடிந்து இருவரும் படுத்தபோதுதான் வினை தெரிந்தது. கையை ஊன்றினாலே கிரீச்சென்று கத்துகிறது. அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது பலகைத் தடுப்பு, அதுவும் மேலே வரை எட்டாது. கூடத்தில் மாமியாரும் கொழுந்தனும் படுத்திருக்கிறார்கள். முதல் நாளே ரொனால்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் இருமினானாம். மறுநாளிலிருந்து பெலிக்ஸ் தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். வினோலியா தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

சகாயராணிக்கு இது வேறு மாதிரி பட்டது. ரொனால்டு கைக்குழந்தையாக இருந்தபோதே புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள். மகன் வாழ்க்கை வீணாகிவிட்டதென்று அவளுக்கு ஒரே திகில்.

"பழனியம்மா, அந்தப் பிள்ளைக்கு எம்மகனப் பிடிக்கல. கட்டாயப்படுத்திக் கட்டி வச்சிருக்காங்க. அதான் அவன் மாடில கெடக்கான்" என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள்.

நான் வினோலியாவைத் தனியாகப் பிடித்து உலுக்கினேன். அழுதுகொண்டே கட்டில் கதையைச் சொன்னாள். "யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா. அத்த மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?" என்று என் தாலி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இதென்னடா வம்பாப் போச்சு என்று ஆகிவிட்டது எனக்கு.

எனக்கு எரிச்சல் எல்லாம் பெலிக்ஸ் மேல்தான். அவன் பஸ் செட்டில் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பியவனைத் தெருவிலேயே மறித்தேன்.

"ஏப்பா, ஊர்ப்பட்ட பஸ்ஸையெல்லாம் கழட்டி மாட்டுற. ஒரு கட்டில மாட்ட வக்கில்லையா ஒனக்கு?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "லேசா ஆடுது, கழட்டிச் சரி பண்றேன்னு அம்மாட்ட கேட்டேங்க்கா. மந்திரிச்ச கட்டிலக் கழட்டக் கூடாதாம். சுத்தியலே படக் கூடாதாம். குடும்பம் ரெண்டாயிருமாம்."

"எந்தச் சாமியார் சொன்னாரு?"

"அம்மாதான் சொல்லுது" என்றான். அதோடு சைக்கிளை மிதித்துப் போய்விட்டான். வாயில் கொழுக்கட்டையை வைத்திருக்கிறவனிடம் என்ன பேசுவது!

வினோலியா சும்மா இருக்கவில்லை. மாமியார் கடைக்குப் போகிற நேரமெல்லாம் கட்டிலுக்கு அடியில்தான் கிடப்பாள். பொருத்துகளில் தேங்காய் எண்ணெய் விட்டாள், மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினாள், துணியைக் கிழித்துத் திணித்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு நாள் அடங்கும், மறுநாள் முன்னைவிட மோசமாகக் கத்தும். ஒரு வெள்ளிக்கிழமை சகாயராணி கோயிலுக்குப் போனதும் ஓடி வந்து என் வீட்டுச் சுத்தியலைக் கேட்டாள். கொடுத்தேன். நாலு அடிதான் கேட்டது. அதற்குள், மறந்துபோன ஜெபமாலையை எடுக்க மாமியார் திரும்பி வந்துவிட்டாள்.

"சேசு மரி சூசையே! கட்டிலயே ஒடைக்கிறாளே!"

அந்த அலறலில் தெருவே கூடிவிட்டது. சகாயராணி என் சுத்தியலைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். வினோலியா சுவரோடு ஒட்டி நின்றாள். அன்றைக்கே ரொனால்டை சேவுகம்பட்டிக்கு அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போகும்படி ராயப்பராஜுக்குச் சொல்லிவிட்டாள். அப்படிப் போகிற பெண் திரும்பி வருவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்தச் சனிக்கிழமை முழுக்க அந்த வீட்டில் பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கட்டின பூவெல்லாம் பிரிந்து பிரிந்து போனது. சத்தியத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பின நேரத்தில் ராயப்பராஜ் வந்தார். ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு. இன்னொரு கக்கத்தில் பெரிய பை, மடித்து வெறுமையாக. மகள் துணிமணிகளை வைப்பதற்குத்தான். அந்தப் பையைப் பார்த்ததும் பூவைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

சகாயராணி அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேரே அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். "பாருங்க சம்பந்தி, ஒங்க மக பண்ணின வேலைய. மந்திரிச்ச கட்டில்ல எப்பிடி அடிச்சிருக்கான்னு பாருங்க. வாழப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லலாம்ல?"

"என்ன ஆத்தா இது?" என்று அவர் மகளைக் கேட்டார். வினோலியா தலையைத் தூக்கவில்லை. பெலிக்ஸ் நிலைப்படியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். பெரியவர் பையைக் கீழே வைத்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார்.

கிரீ...ச்!

அவர் எழுந்தார். மறுபடி கையை ஊன்றி அழுத்தினார். மறுபடியும் அதே சத்தம். தடுப்புக்கு அந்தப் பக்கம் கூடத்தில் இருந்த ரொனால்டு, பழக்கதோஷத்தில் ஒரு இருமல் இருமினான்.

சகாயராணி தடுப்பைப் பார்த்தாள். தடுப்புக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். அப்புறம் மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தாள்.

ராயப்பராஜ் குனிந்து கட்டில் காலைத் தடவினார். ஆசாரி ஒவ்வொரு காலிலும், அது சேர வேண்டிய சட்டத்திலும், ஒன்று, இரண்டு என்று உளியால் கோடு வெட்டியிருப்பார். கோட்டுக் கணக்கு ஒத்துப்போகிறதை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். "யாருய்யா இதப் பூட்டுனது? தலைமாட்டுக் காலக் கால்மாட்டுல போட்டிருக்கீகளே! இது கத்தாம என்ன செய்யும்?"

பெலிக்ஸ் தடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சம்பந்தி, ஒரு சுத்தியல் இருந்தா குடுங்க. கழட்டிப் பூட்டிடுறேன்."

எல்லோரும் சகாயராணியின் இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தைப் பார்த்தோம். அவள் கை சாவி மேல் போனது, அங்கேயே நின்றுவிட்டது. "மந்திரிச்சது..." என்று ஆரம்பித்தாள். மறைத்து வைத்த விஷயம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் வினோலியாவே பேசினாள். அப்பா இருக்கிறார், கொழுந்தன் இருக்கிறான் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"ஒங்களுக்குக் கேக்கும்னுதான் அத்த. வேற ஒண்ணுமில்ல. அவரு நல்லவரு அத்த. நான் எங்கயும் போகல."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சகாயராணி திரும்பிக் கூடத்துக்குப் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. சுத்தியலைக் கொண்டுவந்து சம்பந்தி கையில் கொடுக்கவில்லை, மருமகள் கையில் கொடுத்தாள்.

மாமனாரும் மருமகனுமாகக் கட்டிலைக் கழற்றினார்கள். வினோலியா கோடுகளை எண்ணிச் சொன்னாள். பூட்டி முடித்ததும் சகாயராணி தீர்த்தப் புட்டியைக் கொண்டுவந்து, முணுமுணுவென்று ஜெபம் சொல்லித் தானே நாலு சொட்டுத் தெளித்தாள். கட்டில் அசைத்த அசைப்புக்கெல்லாம் வாயைத் திறக்கவில்லை. ராயப்பராஜ் சாப்பிட்டுவிட்டு, அந்த வெறும் பையை மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

விளக்கு வைத்த நேரத்துக்குச் சகாயராணி பாயும் தலையணையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ரொனால்டை மாடியில் படுக்கச் சொல்லிவிட்டாளாம்.

"என்னக்கா, கட்டில்தான் சத்தமே போடலையே. ஒங்களுக்கு ஒண்ணும் கேக்காதே" என்றேன்.

"எனக்குக் கேக்காது பழனியம்மா. நான் அங்ஙன படுத்திருக்கேன்னு அவளுக்குத் தெரியும்ல?" என்றாள்.

நான் பூக்கூடையை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டேன்.