பிளாஸ்திரி போட்ட லிஃப்ட்டும் என் மருமகளும்

நம் லிஃப்ட் தொழில் சங்கத்து மலரில் எழுதச் சொன்னால் எல்லோரும் அப்பாவைப் பற்றியோ, தொழில் கற்றுக்கொடுத்த முதலாளியைப் பற்றியோ எழுதுவார்கள். எனக்கு அது வேண்டாம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். லிஃப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸ் துடைத்தவன், இன்று இந்த நகரத்தில் பாதி அடுக்குமாடிகளின் லிஃப்ட்டுகளைப் பராமரிக்கிறேன். என் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே பிடித்து உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறேன். ஆகவே இந்த முறை என் மருமகளைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது பொறாமைப்பட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அவள் ஒரு தையல்காரரின் மகள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட அளவு நாடா, அவ்வளவுதான் அவள் அப்பாவின் கடை. அந்த மெஷின் ஓடிய சத்தத்தில்தான் கம்ப்யூட்டர் படித்தாள். என் மகன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்திய அன்று, மரியாதைக்கு நாலு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டதோ வேறு.

“மாமா, ஒரு லிஃப்ட் மக்கர் பண்ணுச்சுன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஃபோன் பண்ணுவாங்கம்மா.”

“பண்ணாதவங்க?”

“பண்ணாதவங்க படியேறிப் போவாங்க.”

நான் சிரித்தேன். என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சாதாரணப் பெண் இல்லை என்று. மனைவியைக் கேட்டால் ‘அப்படியெல்லாம் அவர் சொல்லவே இல்லை’ என்பாள். நம்பாதீர்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் புகார் ஃபோன் எடுக்கும் மேஜையில் அவளை உட்காரவைத்தேன். அங்கே உட்கார்ந்தபடியே ஒன்றைக் கண்டுபிடித்தாள். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன் நமக்கு ஃபோன் செய்வதில்லை. கைபேசியை எடுத்து ஊர் உலகத்துக்கே எழுதுகிறான். ‘எங்கள் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வந்ததும் பேய் மாதிரி உறுமுகிறது’ என்று எழுதுகிறான். சமூக ஊடகம் முழுக்க நமக்கு வரவேண்டிய புகார்கள் கொட்டிக்கிடக்கின்றன.

அவற்றை அவள் எப்படி அள்ளினாள் என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நீங்களும் நானும் அந்தத் தளங்களுக்குள் முன்வாசல் வழியாகப் போய் ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். புரோகிராம் எழுதுகிற டெவலப்பர்களுக்கு அந்தத் தளக்காரர்களே தனியாக ஒரு பக்கக் கதவு வைத்திருக்கிறார்கள். ஏ.பி.ஐ. என்பார்கள். அதற்கு விண்ணப்பம் போட வேண்டும். எதற்குக் கேட்கிறாய், எடுத்ததை என்ன செய்வாய் என்று துளைத்தெடுப்பார்கள். சம்மதித்தால் ஒரு சாவி. சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, நீளமான எழுத்து வரிசை. அதைக் காட்டி, ‘இந்த வார்த்தை வருகிற பொதுப் பதிவுகளைக் கொடு’ என்று நம் புரோகிராம் கேட்கும். கதவுக்குப் பின்னாலிருந்து கட்டிக் கொடுப்பார்கள். ஓயாமல் கேட்டால், ‘கொஞ்சம் பொறு’ என்று கதவைச் சாத்திவிடுவார்கள். வரம்பு மீறினால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

முதல் வாரம் வந்து விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! நடுரோட்டில் நின்று பைக்கில் போனவனிடம் லிஃப்ட் கேட்டவன், ஜிம்மில் எடை தூக்கியவன், எல்லாக் குப்பையும் வந்தது. அவள் பொறுமையாகச் சலித்தாள். எங்கள் மூத்த மெக்கானிக் போல்ட்டு (அவனை அவன் அம்மாகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்) அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர் வைத்தான். அவள் கோபப்படவில்லை. “போல்ட்டுன்னு பேர் இருக்கிறவர் வச்சா ஏத்துக்கிட்டுத்தான் ஆகணும்” என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னால் தற்பெருமை என்பீர்கள். சொல்லத்தான் போகிறேன். ஒரு கட்டடத்தில் யாரோ கதவு இழுத்து இழுத்து மூடுகிறது என்று காலையில் எழுதினார்கள். மதியம் போல்ட்டு போய் நின்றான். அங்கிருந்தவர்கள், “நாங்க இன்னும் ஃபோனே பண்ணலையே!” என்று வாயைப் பிளந்தார்கள். “எங்க கம்பெனி அப்படித்தாங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். போட்டிக் கம்பெனிக்காரர்கள் நான் ஜோசியம் பார்க்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த விபத்து.

ஒரு நாள் மதியம், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில். கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகர்ந்து, பார்சல் கொடுக்க வந்தவரின் கால் மாட்டிக்கொண்டது. பாதத்தில் எலும்பு முறிவு. நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், கதவு முழுதாக மூடாமல் லிஃப்ட் அசையவே கூடாது. அதற்கென்றே கதவின் மேல் ஒரு பூட்டு இருக்கிறது. அது வேலை செய்யவில்லை என்றால், ஒன்று மெக்கானிக் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது யாரோ ஒயர் போட்டு அந்தப் பூட்டை ஏமாற்றியிருக்கிறார்கள். போல்ட்டு போய்ப் பார்த்தபோது ஒயர் எதுவும் இல்லை. பழி எங்கள் மேல் விழுந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்றார்கள். எங்கள் தவறு என்று அவர் எழுதினால் உரிமம் போய்விடும். கம்பெனிக் கதவை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அன்று மாலை குடியிருப்போர் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மருமகள் ஃபோன் செய்தாள்.

“மாமா, இன்னைக்குக் காலைல அந்தக் கட்டடத்துப் பேரைப் போட்டு ஒரு பதிவு வந்திருக்கு, குப்பையோட கிடந்ததை இப்பதான் பார்த்தேன். லிஃப்ட் கதவுக்கு மேல சிவப்பு ஒயர், அது மேல காயத்துக்குப் போடுற பிளாஸ்திரி. ‘எங்க லிஃப்ட்டுக்கு அடிபட்டுடுச்சு, பிளாஸ்திரி போட்டிருக்காங்க’ன்னு கிண்டலா எழுதியிருக்காங்க. புனைபேர்ல இருக்கு, யாருன்னு தெரியல.”

எனக்கு யானை பலம் வந்துவிட்டது. கூட்டத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் எழுந்து, “உங்க ஆளுங்க ஒழுங்கா வேலை பார்க்கல” என்று ஆரம்பித்ததும் மேஜையைத் தட்டினேன்.

“யாரைப் பார்த்து என்ன சொல்றீங்க? இந்த ஊர்ல லிஃப்ட்டைப் பத்தி எவன் என்ன எழுதினாலும் என் மருமகளோட கம்ப்யூட்டர்ல விழும். ஒயர் போட்டது போட்டோவோட இருக்கு. இன்ஸ்பெக்டர் முன்னாடி எடுத்து வைக்கிறேன், அப்போ பேசுங்க!”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டு தட்டு சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். “எடும்மா அந்த போட்டோவை.”

“இல்ல மாமா. எழுதினவங்க அழிச்சிட்டாங்க.”

“அவங்க அழிச்சா என்ன? நம்மகிட்ட இருக்குல்ல?”

“நானும் அழிச்சிட்டேன்.”

அந்த ஏ.பி.ஐ. கதவுக்காரர்களின் நிபந்தனை அப்படியாம். எழுதியவர் தன் பதிவை அழித்துவிட்டால், எடுத்து வைத்திருப்பவரும் அழித்துவிட வேண்டும். தினமும் காலையில் அவளுடைய புரோகிராம் போய், எவையெல்லாம் அழிந்துவிட்டன என்று கேட்டு வந்து, நம்மிடம் இருப்பதையும் துடைத்துவிடும். இதை அவள் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். நான் தலையாட்டியிருக்கிறேன்.

“ஒரு ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வச்சிருக்கக் கூடாதாம்மா?”

“எடுத்திருந்தேன் மாமா. அதையும்தான் அழிச்சேன்.”

எனக்கு வந்த கோபத்தில் அலுவலகக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. போல்ட்டு கையிலிருந்த ஸ்பேனரோடு வந்து வாசலில் நின்றுவிட்டான். “கம்பெனியே போகப்போகுது, உனக்கு நிபந்தனை பெருசா? யார் வந்து பார்க்கப்போறா?” என்று கத்தினேன்.

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை.

“கதவு மூடாம லிஃப்ட் நகரக் கூடாதுன்னு நாம ஒரு பூட்டு வைக்கிறோம். அவசரம்னு எவனோ அதுல ஒயர் போட்டான், யார் வந்து பார்க்கப்போறான்னு நினைச்சான். அவன் மேலதானே மாமா உங்களுக்கு இவ்வளவு கோபம்? இதுவும் பூட்டுதான். இதுல நான் ஒயர் போடட்டுமா?”

எத்தனையோ பேர் என்னிடம் வாதாடித் தோற்றிருக்கிறார்கள். இவள் தோற்கவில்லை. போல்ட்டு மெதுவாக, “சரியாத்தானே சொல்றாங்க அண்ணே” என்றான். அவன் வேலைதான் முதலில் போகும். அவனே அப்படிச் சொன்னபோது நான் என்ன சொல்வது?

“எங்கப்பா, கடைக்கு வந்தவங்க யாரோட இடுப்பு அளவையும் இன்னொருத்தருக்குச் சொன்னதில்ல. அவங்க வேண்டாம்னா அளவு எழுதின சீட்டையே கிழிச்சுப் போட்டுடுவார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், ஒரே வார்த்தையை மூன்று தடவை தப்பாக அடித்தாள். பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது.

வீட்டில் என் மனைவி விடவில்லை. “போட்டோ இருக்குன்னு மேஜையைத் தட்டி ஊருக்கே சொன்னீங்களாமே? அதைக் கேட்டுத்தான் அழிச்சிருப்பாங்க. உங்க வாய்க்கு ஒரு பூட்டு வைக்கணும், அதுக்கு யாரும் ஒயர் போடாம நான் பார்த்துக்கறேன்.” நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள், அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். அந்தக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“அன்னைக்குக் கூட்டத்துல நான் கடைசி வரிசையில இருந்தேங்க. அந்த போட்டோ நான் போட்டதுதான். வீட்டு ஓனரே செயலாளர்தான். தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவார். பொண்டாட்டிக்கு இது எட்டாவது மாசம், இப்போ எங்க போய் வீடு தேடுவேன்? அன்னைக்கு ராத்திரியே அழிச்சிட்டேன். ஆனா உங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னீங்களே… தயவுசெஞ்சு எடுத்துடுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“நீங்க அழிச்ச மறுநாளே இங்கேயும் போயிடுச்சுங்க. நீங்களே தேடிப் பாருங்க.”

அவர் நம்பவில்லை. தன் புனைபெயரை அடித்தார். ஒன்றும் வரவில்லை. ‘பிளாஸ்திரி’ என்று அடித்தார். யாருடைய குழந்தையோ விழுந்த கதைகூட வரவில்லை. என்னைப் பார்த்தார்.

“அப்போ நாளைக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட எதைக் காட்டுவீங்க?”

“ஒண்ணும் இல்லைங்க” என்றேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்வதற்கு எனக்கு எட்டு மாடி ஏறின மூச்சு வாங்கியது. “என் மருமக அப்படிப்பட்டவ. தொலையட்டும், நீங்க பயப்படாம போங்க.”

அவர் போகவில்லை. உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஓரமாக நின்ற போல்ட்டுவைக் காட்டி, “பழி இவர் மேலயா விழும்?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினோம்.

“நீங்க வச்சிருந்து காட்டியிருந்தா, அது நான் எடுத்ததே இல்லைன்னு சத்தியம் பண்ணியிருப்பேன்” என்றார். “அந்தப் படம் என் ஃபோன்ல இன்னும் இருக்கு. நாளைக்கு நானே கொண்டுவந்து காட்டறேன்.”

“வீடு?” என்றாள் மருமகள்.

அவள் கேட்ட வேகத்திலேயே நான் பதில் சொன்னேன். நல்ல காரியத்தில் நான் யோசிப்பதில்லை. “இந்த ஆபீஸுக்கு மேல நாலாவது மாடி காலியாத்தான் இருக்கு. நல்ல காத்து வரும். அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னா, மறுநாளே என் வண்டியில சாமான் ஏறும்.”

மறுநாள் கீழ்த்தளத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் அந்த மனிதர் கைபேசியை நீட்டினார். சிவப்பு ஒயர், பிளாஸ்திரி, எடுத்த தேதி, நேரம், எல்லாம் பளிச்சென்று இருந்தது. படத்தைப் பார்த்த வாட்ச்மேன் தானாகவே சொல்லிவிட்டார்: “செயலாளர் ஐயா வீட்டுக்கு சோபா ஏத்தினோம் சார். கதவு மூடாம அடிக்கடி நின்னுச்சு. ‘ஏதாவது பண்ணி ஓட்டுய்யா’ன்னார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயர் போட்டோம். அடிபட்டதும் பிடுங்கிட்டோம்.” செயலாளர் அந்த நேரத்தில் கைபேசியில் யாரிடமோ ரொம்ப முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஆள் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

உரிமம் பிழைத்தது. போல்ட்டு அவளைக் கும்பிடப் போனான். “கையில கிரீஸ், கிட்ட வராதீங்க” என்று விரட்டிவிட்டாள். அவள் அப்பாவிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் மட்டும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, “எங்க பொண்ணு” என்றார். “எங்க மருமக” என்றேன் நான். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் இப்போது எங்கள் நாலாவது மாடியில்தான் இருக்கிறார். பெண் குழந்தை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன வாரம் வரை. அன்று காலை மருமகள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். புதிதாகச் சலித்து வந்த பதிவு. அதே புனைபெயர். ‘லிஃப்ட் கம்பெனி முதலாளியின் கட்டடத்தில் குடியிருக்கிறேன். நாலாவது மாடி. இங்கே லிஃப்ட்டே கிடையாது.’

“ஊர் சிரிக்கும்மா! எடுத்துடு அதை.”

“அவர் அழிக்கட்டும் மாமா, நானும் அழிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அதைப் புகார் வரிசையில் முதலில் போட்டாள்.

இன்று எங்கள் கட்டடத்தில் லிஃப்ட்டுக்குக் குழி தோண்ட ஆள் வந்திருக்கிறது. நானே மேற்பார்வை. இந்த ஊரிலேயே மிகச் சிறந்த லிஃப்ட்டாக அது இருக்கும். வந்து பாருங்கள்.