கம்பி தெரியாத படம்

மலாயாக் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டையிட்ட அவசரகாலத்தில், ஒரு தீபாவளியின்போது நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற சிற்றூரில் ஒரு படக்கடையில் வேலை செய்தேன். பெரும்பாலும் ஐ.சி. என்கிற அடையாள அட்டைக்கான படங்கள்தான். பின்னால் வெள்ளைத் துணி, நேராகப் பார்க்க வேண்டும், சிரிக்கக் கூடாது.

தீபாவளியன்று பொழுது சாய்ந்ததும் கடைத்தெரு முழுவதும் வண்ண விளக்குகள் எரிந்தன. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் கணவனும் மனைவியும் படம் எடுக்க வந்தார்கள். "தம்பி, பின்னால வெளக்கெல்லாம் நல்லா தெரியணும்பா" என்றார் அந்த அக்கா. எனக்குக் கூச்ச சுபாவம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பிளாஷ் போட்டுச் சட்டென்று எடுத்துவிட்டேன்.

கழுவிப் பார்த்தால் முகங்கள் தெளிவாக இருந்தன. பின்னால் ஒரே இருட்டு. முகம் விழுந்தால் போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அதே தோட்டத்தில் அடையாள அட்டைப் படம் எடுக்கப் போனேன். வேலை முடிந்து, சாயங்காலம் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கொடுத்தேன்.

"வெளக்கு எங்கப்பா? கெணத்துக்குள்ள நிக்க வச்சி எடுத்த மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

"ஐ.சி. படம் எடுத்துப் பழகின கை லா" என்று கணவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

இந்தியாவில், ஊரில் அக்காவுடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். மலாயாவில் காட்டிலிருந்து சுடுகிறார்கள், சனங்களை முள்வேலிக்குள் அடைத்திருக்கிறார்கள் என்று யாரோ போய்ச் சொன்னதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். எத்தனை கடிதம் போட்டும் நம்பவில்லை. மகள் வெளிச்சத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்தால் மனசு ஆறும் என்றுதான் அந்தப் படம். மறுபடி எடுக்கலாமென்றால், கடைத்தெருவின் வண்ண விளக்குகளைக் கழற்றி ஒருநாள் ஆகியிருந்தது.

அந்த நேரத்தில் லயத்தைச் சுற்றி நிஜமாகவே போட்டிருந்த முள்வேலியின் விளக்குகள் வரிசையாக எரிந்தன. அக்கா வெளியே பார்த்தார்.

"இந்த வெளக்கு ஆவாதா தம்பி?"

"முள்ளுக்கம்பி தெரியுமே அக்கா."

"தெரியாம எடுக்க முடியாதா?"

ஒரு கல்யாணப் படத்தில் பின்னால் இருந்த உறவினர்களையெல்லாம் மங்கலாக விழவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கியவன் நான். லென்ஸை முழுதாகத் திறந்து, பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு மட்டும் சரிசெய்தால் தூரத்தில் உள்ளதெல்லாம் கரைந்துவிடும். அந்தத் தப்பையே இப்போது வேண்டுமென்று செய்யத் துணிந்தேன்.

வேலிக் கதவில் இருந்த மலாய்க் காவலரிடம் கணவர் போய்க் கேட்டார். பிளாஷ் வெளிச்சத்தைப் பார்த்து யாராவது சுட்டுவிடப் போகிறார்கள், அது மட்டும் வேண்டாம் என்றார் காவலர். "லெக்காஸ், லெக்காஸ்" என்று அவசரப்படுத்தினாலும், படத்தில் விழாதபடி துப்பாக்கியோடு தானாகவே தள்ளி நின்றுகொண்டார்.

கேமராவை முக்காலியில் நிறுத்தி, மூன்று எண்ணும்வரை அசையக் கூடாது என்றேன். அக்கா விறைத்து நின்றார். பழக்கதோஷத்தில் சிரிக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

"போலீசுக்கா எடுக்கறாங்க? ஒங்கம்மாவுக்கு. சிரி லா" என்றார் கணவர். அக்கா சிரித்தார். நான் எண்ணினேன்.

படத்தில் வேலியைக் காணோம். விளக்குகள் ஒவ்வொன்றும் பெரிய உருண்டையாகி, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, தேர்த்திருவிழா போல நின்றன.

இரண்டு மாதம் கழித்து அக்கா ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன். 'ஏண்டி, உங்க ஊர்ல தீபாவளி இன்னுமா முடியல? எவ்வளவு வெளக்கு. இப்ப கஞ்சி நல்லா குடிக்கிறேன்' என்று யாரிடமோ சொல்லி எழுதவைத்திருந்தார் அந்த அம்மா.

"இன்னொரு வாட்டி படிப்பா" என்றார் அக்கா. மூன்று முறை படித்தேன்.

இன்றும் பண்டிகை நாளில் யாராவது விளக்குகளுக்கு முன்னால் வந்து நின்றால், இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கூச்சத்தை விட்டு முதலில் கேட்டுவிடுகிறேன். அது தெரியாமல் கேமராவைத் தொட எனக்குக் கை வருவதில்லை.