ஒரே ஷட்டருக்குள் இரண்டு கடை

ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். சொத்து வரி ஏறிவிட்டது என்று கட்டட உரிமையாளர் சென்ற ஆண்டு வாடகையைக் கூட்டினார். நான் தைத்துச் சம்பாதிப்பது அதற்கே சரியாகப் போனது. யாரிடமும் கலந்து பேசாமல், கடையைக் காலி செய்வதாக அவரிடம் சொல்லிவிட்டேன்.

மாதக் கடைசியில் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் என் கடைப் படியில் பூ விற்கும் மஞ்சுளா, காலிக் கூடையோடு வந்து நின்றாள்.

“ஏன்க்கா, பலகைக்குப் பெயின்ட் அடிக்கப் போறீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“நீங்க தொறக்கறதே பத்து மணிக்கு. அதுவரைக்கும் கடை சும்மாதானே தூங்குது? எனக்கு ஷிப்ட் பஸ்ஸுக்கு நிக்கறவங்கதான் கிராக்கி. பத்துக்குள்ள முடிச்சுக்கறேன், வாடகையில பாதி தரேன். மழையில என் பூவும் அழுகாது.”

“ஈரப் பூவை வெச்சா துணி கறையாயிடுமே!”

“கறையானா அந்தத் துணியை நானே வாங்கிப் போட்டுக்கறேன், போங்கக்கா!”

அன்றே இருவரும் உரிமையாளரிடம் பேசினோம். நல்லவேளையாக, புதிதாக வரவிருந்தவர் இன்னும் முன்பணம் தரவில்லை. உரிமையாளர் சம்மதித்தார்.

இதுவரை ஒரு துணியிலும் கறையில்லை. அவள் துடைத்துவிட்டுப் போகும் தரை, நான் பெருக்கிய நாட்களைவிடச் சுத்தமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் கடை விஷயத்தில் அவளைக் கேட்காமல் நான் எந்த முடிவும் எடுப்பதில்லை. சென்ற வாரம் சற்றுத் தாமதமாகப் போனேன். யாரோ கொடுத்த பேன்ட்டை மடியில் வைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா நானே ஓரம் அடிச்சிருப்பேன்க்கா!”