பூக்காத அவரைக் கொடி

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. என் கணவருக்கு நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் மண்டியில் வேலை கிடைக்க, மேச்சேரிப் பக்கத்திலிருந்து நாங்கள் இருவரும் அங்கே குடிவந்தோம். அதற்கு முந்தைய வருஷம்தான் எங்கள் முதல் குழந்தை, தவழ ஆரம்பிக்கும் முன்பே, காய்ச்சலில் போய்விட்டது.

குழந்தை போன அந்த வருஷம் ஆடியில், எங்கள் ஊரில் விதை போடும்போது மாமியார் என் கையிலிருந்த கூடையை மெல்ல வாங்கிக்கொண்டார். "நீ போயி அடுப்பப் பாரு சாமி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அன்பாகச் சொன்னதால் அது உள்ளே தங்கிவிட்டது. நான் வைத்தால் எதுவும் நிலைக்காது என்று நானே நம்பத் தொடங்கினேன்.

புது வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்தது. முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. யுத்த காலமாதலால் சந்தைக்குக் காய்கறி வண்டிகள் சரியாக வராது. பாதி நாள் கொள்ளும் புளித்தண்ணீருமாகவே பொழுது ஓடும். அப்போதும் அந்த இடத்தில் ஏதாவது போடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்பதுதான் சரி.

பக்கத்து வீட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்கா சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவர். ஒரு நாள் வேலிக்கு மேலே கையை நீட்டி ஒரு பிடி அவரை விதை கொடுத்தார்.

"எனக்குக் கை ராசி இல்லீங்க அக்கா. நான் வெச்சா வராதுங்க" என்றேன்.

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் மண்ணத் தொட்டதே இல்ல. வந்தா ரெண்டு ஊட்டுக்கும் காயி. வராட்டி வெத போச்சு, அவ்வளவுதானே?"

பயந்துகொண்டேதான் ஊன்றினேன். காய்ந்துவிடுமோ என்று காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் தோண்டிப் பார்த்தால் விதையெல்லாம் கூழாகிக் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா, குழியையும் குடத்தையும் பார்த்தார்.

"ஏன் அம்மணி, இப்படித் தண்ணி ஊத்துனா நான்கூடத்தான் அழுகிப் போயிருவேன்!"

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். விதையை அழுக வைத்தது என் ராசி அல்ல, தண்ணீர்தான் என்று உறைத்ததும் அப்போதுதான்.

மறுபடி போட்டோம். இந்த முறை மண்ணை மேடாக்கி, எருவைக் கலந்து, கையால் தண்ணீர் தெளித்ததோடு சரி. ஒரு காலையில் மண்ணைப் பிளந்துகொண்டு, கழுத்தை வளைத்தபடி ஒரு முளை நின்றது. பாத்திரம் கழுவுவதை அப்படியே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மூங்கிலும் சோளத்தட்டும் கொண்டுவந்து பந்தல் போட்டுக் கொடுத்தார். இலையில் செடிப்பேன் பிடித்தபோது அடுப்புச் சாம்பலைத் தூவினேன். மழைக்குக் கொடி பந்தலை மூடி வளர்ந்தது.

ஆனால் பூ வரவில்லை. ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி ஆயிற்று. எங்கள் கிணற்றில் தண்ணீர் சேந்த வரும் ஒரு அம்மாள் பந்தலைப் பார்த்துவிட்டு, "இது மலட்டுக் கொடிங்க அம்மணி. அறுத்துப் போட்டுட்டு வேற எதாச்சும் வைங்க" என்றார்.

அவர் கொடியைத்தான் சொன்னார். என்னைச் சொன்னதாகவே எனக்குக் கேட்டது. உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தேன். தண்டைப் பிடித்தேன். முதல் நாள் வளைந்து நின்ற அந்தக் கழுத்துதான் இப்போது விரல் பருமனுக்கு முறுக்கேறி இருந்தது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டேன்.

"இருக்கட்டுங்க. பூக்காட்டிப் போகட்டுங்க. நெழல் குடுக்குதில்லீங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

மார்கழிப் பனி இறங்கியது. ஒரு விடியலில் கோலம் போட்டுவிட்டுப் பின்பக்கம் வந்தால், பந்தல் முழுக்க ஊதா ஊதாவாகப் பூங்கொத்துகள். அவரை குளிருக்குத்தான் பூக்கும் என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரிந்திருக்கவில்லை. தை பிறந்ததும் பறிக்கப் பறிக்கக் காய். முதல் பறிப்பில் ஒரு முறம் அக்கா வீட்டுக்குப் போனது. ஒரு மடி கிணற்றடி அம்மாளுக்கு. "நாஞ் சொன்னத நீங்க கேக்காதது நல்லதாப் போச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பிறகு எங்களுக்குக் குழந்தைகள் பிறந்தார்கள். அவரை காய்த்ததற்கும் அதற்கும் நான் முடிச்சுப் போடமாட்டேன். ஆனால் இன்றும் நான் போட்ட விதையில் ஒன்றிரண்டு முளைக்காமல் போனால், என்னை நொந்துகொள்ளாமல் அந்தக் குழியிலேயே இன்னொரு விதையை ஊன்றிவிட்டு, அமைதியாக என் வேலையைப் பார்க்கப் போகிறேன்.