தனசேகர் அண்ணன் கேட்ட பெரிய திரை

விழுப்புரத்தில் ஒரு மண்டபத்து வாசலில் ட்ரோனுக்கு இறக்கை மாட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தனசேகர் அண்ணனின் மனைவி வசந்தா அண்ணி. எப்போதும் "மணி, சாப்டியா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அன்று அதைக் கேட்கவில்லை. நேராகச் சொன்னார்கள்: "உங்க அண்ணன் போயிட்டாருப்பா. டீ குடிச்சிக்கினே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு."

அடுத்த பேருந்தில் அவர் என்னிடம் வந்து சேர்வதாக இருந்தது. மாட்டிய இறக்கைகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். கல்யாண வீட்டார் நல்லவர்கள், "நீங்க கெளம்புங்க, கீழ எடுக்கறதே போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். திண்டிவனம் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியும் அடங்கவில்லை.

நம் ஒளிப்படக்காரர் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திண்டிவனத்தில் என்னோடு கூட்டாக வீடியோ தொழில் செய்தவர் தனசேகர் அண்ணன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அறிந்தவர்களுக்கு அவர் 'டிவிப்பெட்டி' தனசேகர். கண் மங்கிப்போனதால் ட்ரோனுக்குத் தாம்பாளம் போல ஒரு திரை வாங்க வைத்தார் என்று சங்கத்தில் எல்லாரும் அவரைக் கேலி செய்திருக்கிறீர்கள். அந்தக் கேலியில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் தொடங்கினோம். என் தோளில் வீடியோ கேமரா, அவர் கையில் விளக்கு. அந்தக் கேமராவின் முன்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. படம் பதிவாகும்போது எரியும். எதிரே நிற்பவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும். எதிரே நிற்பவர் அண்ணன். அது எரிந்ததும் மெல்லிய குரலில் "ஓடுது, மணி" என்பார். அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். இந்த வட்டாரத்தில் பழைய கல்யாண கேசட் வைத்திருப்பவர்கள் போட்டுப் பாருங்கள், நாதஸ்வரத்துக்கு முன்னால் அவர் குரல் கேட்கும். அவருடைய கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்திருந்தவர், கையில் தாலியை வாங்கிக்கொண்டு, என் கேமராவை நிமிர்ந்து பார்த்து "ஓடுது, மணி" என்றாரே பார்க்கலாம்! ஐயரே சிரித்துவிட்டார்.

விளக்குப் பிடிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் தாயார் கண்ணைத் துடைத்தால், விளக்கைத் தரைப்பக்கம் தாழ்த்திவிடுவார். படம் இருண்டுவிட்டது என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "அழறத வெளிச்சம் போட்டு காட்டக் கூடாதுப்பா" என்பார். மற்றதிலெல்லாம் விட்டுக்கொடுப்பவர் இதில் மட்டும் அசைந்துகொடுத்ததில்லை.

கேசட் போய் வட்டு வந்தது, வட்டு போய் பென் டிரைவ் வந்தது. இரண்டாயிரத்துப் பதினாறில் ட்ரோன் வாங்கினோம். பறக்கவிடுவது நான். அண்ணன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு, ட்ரோன் மரத்தில் மோதாமல் வானத்தைப் பார்த்துக்கொள்வார். கன்ட்ரோலரில் என் கைப்பேசியைச் செருகி, அதையே திரையாக வைத்துக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் என் வலது கண் மங்கத் தொடங்கியிருந்தது. இருபது வருடம் கேமராவில் வைத்த கண். சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது என்றார் மருத்துவர். நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் போன கேமராக்காரனை எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். மனைவியிடம்கூடச் சொட்டு மருந்தைத் தூசிக்கு என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஒலக்கூர் பக்கம் ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீர் ஊர்வலம். பம்பை, மேளம், நாற்பது தட்டு, மாலை போட்ட ஆட்டுக்கிடா. உச்சி வெயிலில் ட்ரோனை ஏற்றிப் பன்னிரண்டு நிமிடம் சுற்றினேன். இறக்கிப் பார்த்தால் ஒன்றுமே பதிவாகவில்லை. நான் அழுத்திய இடம் பதிவுப் பொத்தானே இல்லை. பதிவைக் காட்டும் சிவப்புப் புள்ளி திரை ஓரத்தில் எரியாததும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

தாய்மாமன் கொதித்துவிட்டார். "மூணு வேன் ஆளு இட்டுக்கினு வந்துகிறேன். படம் இல்லன்றியே, இன்னாய்யா ஆளு நீ? கண்ணு கிண்ணு அவிஞ்சி பூட்ச்சா?"

அண்ணன் குடையை மடக்கிவிட்டு முன்னால் வந்தார். "தப்பு என்னுதுங்க. பட்டன அமுக்கறது என் வேல. வயசாயிடுச்சி, எனக்குத்தாங்க கண்ணு தெரில" என்றார். அன்று அவர் விரல் கன்ட்ரோலர் மேல் படவே இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அதோடு விட்டாரா? "மாமா, இன்னொரு வாட்டி நடந்து வாங்க. ரெண்டாவது வாட்டிதான் கெத்தா இருக்கும்" என்று அந்த மனிதரின் கையைப் பிடித்தார். பிரித்த தட்டுகளை மறுபடி அடுக்கினார்கள். வாழைப்பழம் பாதி காலியாகியிருந்ததால் தட்டுகளில் மல்லாட்டை எனும் வேர்க்கடலையைக் குவித்து மேலே இரண்டிரண்டு பழத்தை வைத்தார் அண்ணன். ஆட்டுக்கிடாதான் திரும்ப நடக்க மறுத்தது. இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். அந்த வீட்டில் இன்றைக்கும் அந்தப் படத்தைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

மறுவாரமே என்னைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடையில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, திரையோடு சேர்ந்தே வரும் கன்ட்ரோலர். கைக்கு அடக்கம், வெயிலிலும் தெரியும், ஆனால் திரை சின்னது. இன்னொன்று, பழைய கன்ட்ரோலரிலேயே ஒரு தாங்கியை மாட்டிப் பெரிய டேப்லெட்டை வைத்துக்கொள்வது. எனக்குச் சின்னதுதான் வேண்டும். பெரிதாக வாங்கினால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்களே என்ற பயம்.

"இதுல எழுத்து எறும்பு ஊர்ற மாதிரிகீது. பெருசு குடுங்க" என்றார் அண்ணன்.

கடைக்காரர் தயங்கினார். "சார், டேப்லெட்டு பாரம். வெயில்ல சூடு வேற ஆவும்."

"பரவால்ல. என் கண்ணு ரொம்ப பேஜாரு பண்ணுதுங்க."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஓட்டறது நான்தாண்ணே? எனக்கு நல்லாதான் தெரியுது" என்றேன்.

அண்ணன் டேப்லெட்டை என் பக்கம் நகர்த்தினார். "உனக்குத் தெரியும்ப்பா. எனக்குதான் தெரில. எனக்காக வாங்கு" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்த திரை, மண்டகப்பட்டில் மல்லாட்டைக் காட்டு வெயிலில் வெறும் கண்ணாடியாகிவிட்டது. அதில் எங்கள் இரண்டு பேர் முகம்தான் தெரிந்தது. "இன்னாப்பா, நம்ம மூஞ்சியே நாமளே படம் புடிச்சிக்கவா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் கோபம் போயிற்று. மறுநாள் ஒரு பட்டுப்புடவை அட்டைப்பெட்டியை வெட்டி, உள்ளே பழைய குடைத்துணியை ஒட்டி, திரைக்கு ஒரு கூடாரம் செய்துகொண்டு வந்தார். பதிவுப் பொத்தானுக்கு நேராக, திரையின் சட்டத்தில், அண்ணியின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று. "எனக்கு ஒரு அடையாளத்துக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை ட்ரோன் எழும்பும்போதும் என் தோளருகே அந்தப் பழைய குரல். "ஓடுது, மணி." பழக்கதோஷம் என்று நினைத்தேன். என் ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்றும் நினைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அண்ணி டேப்லெட்டோடு அந்த அட்டைப்பெட்டிக் கூடாரத்தை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்கள். டேப்லெட் எப்போதும் அவர் வீட்டில்தான் சார்ஜ் ஆகும். "அண்ணனுக்குக் கண்ணு மங்கினதுல இருந்து இத வெச்சிதான் ஓட்னோம்" என்றேன், என்ன பேசுவதென்று தெரியாமல்.

"யாருக்கு மங்குச்சி?" என்றார்கள் அண்ணி. "சாவறதுக்கு மொத நாளு எனக்கு ஊசில நூலு கோத்துக் குடுத்தாரேப்பா, கண்ணாடிகூட இல்லாம."

நான் பெட்டியைத் தரையில் வைத்தேன்.

"ஒலக்கூர் காதுகுத்துக்கு முன்னாடியே, டீக்கடைல கிளாஸ எடுக்கப் போயி, நீ அதுக்குப் பக்கத்துல வெறும் பலகையத் தொட்டியாமே. அன்னிக்கே தெரிஞ்சிக்கினாரு. மணி மறைக்கறான், நாமளும் தெரியாத மாதிரியே இருப்போம்னாரு. இப்ப எப்டிப்பா கீது கண்ணு?"

அந்தக் கேள்விக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று வருடம் சங்கக் கூட்டத்தில் எல்லாரும் அவரை 'டிவிப்பெட்டி' என்றபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவரும் சிரித்தார். ஒரு நாள்கூட முகம் மாறவில்லை.

ஆகவே நண்பர்களே, ஒலக்கூரில் பொத்தானைத் தவறவிட்டவன் நான். கண் தெரியாதவனும் நான். சொல்லத் தைரியம் இல்லாமல் அவர் மேல் இறக்கி வைத்திருந்ததை இன்று திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடாமல் போகிறவர்கள் போகட்டும்.

நேற்று மயிலம் பக்கம் ஒரு கல்யாணம். கூடாரத்துக்குள் தலையை விட்டேன். அந்தப் பொட்டு உரியாமல் இருந்தது. அதற்கு நேராகத் திரையை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன், குரல் வரவில்லை. பக்கத்தில் குடை பிடித்து நின்றவர் பெண்ணின் சித்தப்பா. அவரிடம், "ஐயா, எனக்குக் கண்ணு சரியா தெரியாது. ஓரத்துல செவப்பு எரியுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். வாழ்நாளில் முதல் முறையாகக் கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "எரியுதுங்க" என்றார்.

ஓடுதுண்ணே. நீங்க போய் வாங்க.