கொக்கி வைக்காத பிளவுஸ்

என் பெண்ணின் முதுகை முசிறிக்காரம்மா ஒருவரின் போனில் பார்த்தேன். மகள் கல்யாணத்துக்கு பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர், இது மாதிரி வேணும் என்று ஒரு படத்தை நீட்டினார். பின்கழுத்துக்குக் கீழே இடது பக்கம் மிளகு அளவு மச்சம். பிறந்த நாளிலிருந்து நான் எண்ணெய் தேய்த்துவிட்ட மச்சம் எனக்குத் தெரியாதா? பிளவுஸும் நான் தைத்தது. என் பெண் கல்யாணத்துக்காக வாரக்கணக்கில் ஆரி ஊசியோடு குனிந்து கிடந்து போட்ட வேலை. நெட்டில் போடும்போது படத்தின் ஓரத்தில் நான் எழுதியிருந்த போன் நம்பரைக் காணோம். அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூவை ஒட்டியிருந்தார்கள். கீழே ஏதோ ஒரு பேஜின் பெயர், 'எங்கள் மணப்பெண்' என்று வேறு போட்டிருந்தது.

இது நான் போட்டதுங்க, இது என் பொண்ணுங்க என்றேன். அவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஸ்ரீரங்கத்தில், கீழ அடையவளஞ்சான் தெருவில் ஒரு சின்ன அறை. ஒரு மெஷின், துணியை இழுத்துக் கட்டுகிற ஆரிச் சட்டம், துணி போர்த்திய பொம்மை.

"அவங்க பேஜைப் பாத்தா பெரிய கடையா இருக்கேம்மா. நீங்க அதப் பாத்துப் போடுறவங்களா?"

நல்ல மனுஷிதான், சாதாரணமாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிந்தது. ஆர்டரை அந்தப் பேஜிலேயே கொடுத்துவிட்டார்.

பேஜ் நடத்துகிற பெண் தில்லைநகர்ப் பக்கம். மெசேஜ் போட்டேன். பதில் உடனே வந்தது: "நெட்ல போட்டா எல்லாருக்கும் பொதுதானேக்கா. ஃபீல் பண்ணாதீங்க." ஜனங்கள் சொல்லும் நல்ல வார்த்தைகளை அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பது என் பழக்கம். இதையும் எழுதி வைத்தேன். மறந்துவிடக் கூடாதே.

அந்த ஆப் நடத்துகிற கம்பெனிக்கு என் பெண் இங்கிலீஷில் புகார் எழுதி அனுப்பினாள். நீங்கள்தான் சொந்தக்காரர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஆரிச் சட்டத்தில் துணி கட்டியதிலிருந்து எடுத்த படங்களை எல்லாம் அனுப்பினோம். அந்தப் படத்தைப் பேஜிலிருந்து தூக்கிவிட்டார்கள். அடுத்த வாரமே அதே பேஜில் என்னுடைய வேறு மூன்று படங்கள் வந்தன. மூன்றிலும் ரோஜா.

பெரிய கடைவீதியில் நூலும் மணியும் விற்கிற பாயிடம் போய்ப் புலம்பினேன். சிரித்தார்.

"அந்தப் பொண்ணா? ஊசியைப் பிடிக்கவே தெரியாதும்மா அதுக்கு. போனைக் காட்டி, இதுல இருக்கற நூலைக் குடுங்க பாய்ங்கும். ஆர்டர் வாங்கி யாராவது டெய்லர்கிட்ட தள்ளிவிடும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. தைக்கத் தெரியாத பெண். படத்தை மட்டும் பார்க்கிற பெண். என்ன செய்யவேண்டும் என்று காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.

மயில்கழுத்துப் பட்டில் பிளவுஸ் வெட்டினேன். பின்பக்கம் நட்டநடுவில் ஓர் அன்னம், நீண்ட கழுத்தோடு. முன்பக்கம் முழுக்கக் கொடி, இரண்டு தோளிலும் ஏறி இறங்கும்படி. எங்கே திறப்பு வைத்தாலும் வேலை வெட்டுப்படும். முன்னாலும் கொக்கி கிடையாது, பின்னாலும் கிடையாது. பொம்மையின் மேல் மாட்டி, பக்கத் தையலை அதன் மேலேயே கையால் போட்டு மூடினேன். பக்கத்தில் ஜிப் வைக்கலாமே என்று யாராவது யோசித்தாலும் நடக்காது, கழுத்தை அத்தனை சின்னதாக வைத்திருந்தேன். தலை நுழையாது. பொம்மைக்குத் தலை கிடையாதே, அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டு நின்றது. தலை தெரியாமல் கழுத்தோடு வெட்டிப் படம் எடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எடுத்து, என் நம்பரை எழுதிப் போட்டேன்.

மறுநாள் காலை பேஜில் என் நம்பர் மேல் ரோஜா பூத்திருந்தது, கீழே அதே 'எங்கள் மணப்பெண்'. அன்றைக்கு இரண்டு காபி குடித்தேன்.

பாவம் பார்த்திருக்க வேண்டும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்குத் தோன்றவில்லை. முசிறிக்காரம்மா தன் ஆர்டரை இந்த அன்னத்துக்கு மாற்றிக்கொண்டதைப் பேஜில் அவர் போட்டிருந்த கமெண்டில் பார்த்தேன். ஒரு போன் போட்டு எச்சரித்திருக்கலாம். போடவில்லை. 'பாத்துப் போடுறவங்களா' என்று என்னைக் கேட்டவர்தானே.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மகளையும் கூட்டிக்கொண்டு அவரே வந்தார். பையிலிருந்து பிளவுஸை எடுத்து மேஜையில் வைத்தார். எந்த டெய்லரோ வேறு வழியில்லாமல் அன்னத்தை நடுவில் பிளந்திருந்தார். அதன் கழுத்தில் ஐந்து கொக்கி. மகளின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அம்மா அங்கேயே உட்கார்ந்து பேஜ்காரிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"போட்டோல கொக்கியே இல்லையே. உங்க மணப்பொண்ணு எப்படிப் போட்டாங்க?"

 வேணும்னா அந்த ஸ்ரீரங்கத்து அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன் என்றது குரல்.

"இங்கதான் இருக்கேன், கேளும்மா" என்றேன்.

அவள் கெஞ்ச ஆரம்பித்தாள். "அக்கா, இன்னும் நாலு பேர்கிட்ட இதையே காட்டி ஆர்டர் வாங்கியிருக்கேன். எப்படித்தான் போடுறது, சொல்லுங்கக்கா."

"படம் எல்லாருக்கும் பொதுதாம்மா. தலை மட்டும் அவங்கவங்களோடது."

முசிறிக்காரம்மா எழுந்து போய், அன்ன பிளவுஸோடு நின்ற பொம்மையைத் திருப்பிப் பார்த்தார். மொட்டைக் கழுத்தைத் தடவினார். புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல், "நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா" என்றார். அவர் மகளுக்கு அளவு எடுத்தேன். அன்னத்தைத் தோள்பக்கம் தள்ளி, பின்னால் கொக்கிக்கு இடம் விட்டு, புதுத் துணியில் கல்யாணத்துக்கு முந்தின நாள் முடித்துக் கொடுத்தேன்.

மற்ற நாலு பிளவுஸையும் நானே போட்டுத் தருகிறேன் என்று பேஜ்காரியிடம் சொன்னேன். ஆனால் என் பெண்ணின் முதுகுப் படம் பேஜில் திரும்ப வரக்கூடாது என்றேன். மற்ற படங்களை அழித்துவிடுகிறேன் என்று அவள் அழுதாள். அழிக்கக் கூடாது என்றேன். எல்லாம் அங்கேயே இருக்கட்டும், ரோஜாவை மட்டும் எடு.

எடுத்தாள். அவளுடைய அத்தனை பெரிய பேஜில் இப்போது படத்துக்குப் படம் என் நம்பர். வையம்பட்டியிலிருந்துகூடக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் அவளிடமிருந்து ஒரு மெசேஜ்: "போதும்கா, இப்பவாவது உங்க படத்தையெல்லாம் எடுத்துடவா?"

படித்துவிட்டேன். பதில் போடவில்லை.