திரௌபதி டீச்சரும் காய்ந்த பாட்டிலும்

ஆய்வகக் கதவைப் பூட்டிய பிறகு சாவித் துவாரத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கிறார் திரௌபதி டீச்சர். கேஸ் வாசனை இல்லை என்று தெரிந்ததும் கொஞ்ச தூரம் நடக்கிறார். நின்று, யோசித்து, திரும்பி வந்து மறுபடியும் முகர்கிறார். அந்த நேரத்தில் நான் வராந்தாவில் அகப்பட்டால் என்னையும் விடுவதில்லை.

"தமிழம்மா, ஒரு தபா நீங்களும் மோந்து பாத்துடுங்க. என் மூக்கு மேல எனக்கு நம்பிக்கை கம்மி."

நானும் குனிந்து முகர்ந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

செஞ்சி சாலையில், திருவண்ணாமலை முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. நான் தமிழ், அவர் பிளஸ் டூவுக்கு வேதியியல். ஐம்பதைத் தாண்டியவர். குள்ளமான உருவம், இறுக்கிப் போட்ட கொண்டை. புடவைத் தலைப்பு தீயில் பட்டுவிடக்கூடாதென்று இரண்டு ஊக்கு குத்தியிருப்பார். பஸ்ஸில் டயருக்கு மேலே உள்ள சீட்டில் உட்கார மாட்டார். மழை இருட்டினால் வகுப்பிலிருந்தே வீட்டுக்குப் போன் செய்து, "டிவி பிளக்க புடுங்கிட்டீங்களா?" என்பார். ஆசிரியர் அறையில் அவருக்கு 'ஃபயர் சர்வீஸ்' என்று பெயர். தலைமையாசிரியர் அருள்ராஜ் கூட்டத்தில் ஒரு விஷயத்தை முடிவு செய்ததும், "ஃபயர் சர்வீஸ் ஓகே சொல்லிட்டாங்களா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்போம். டீச்சரும் சிரிப்பார்.

"சிரிங்க சார். பயப்படறதுக்கு ஒருத்தி இருக்கறதாலதான நீங்கல்லாம் சிரிக்கறீங்க."

ஆனால் பாடம் நடத்தும்போது அந்தப் பயம் வேறு மாதிரி ஆகிவிடும். ஹைட்ரசீன் பற்றி அவர் நடத்துவதைப் பக்கத்து வகுப்பிலிருந்து பல வருடமாகக் கேட்டு எனக்கே மனப்பாடம். "ரெண்டு நைட்ரஜன் ஒண்ணுக்கொண்ணு கைய புடிச்சிக்கினு நிக்குது. ஆனா அதுங்களுக்கு அப்படி நிக்க இஷ்டமே இல்ல. எப்படா வாயுவா பறந்து போவலாம்னு பாத்துக்கினே இருக்கும்." அதிலிருந்து பிறந்த பொருள்களை ஒரு குடும்பம் என்றே சொல்வார். ராக்கெட் எரிபொருள் ஒரு பிள்ளை. காசநோய் மாத்திரை ஒரு பிள்ளை. வெங்காயம் முளைவிடாமல் இருக்கத் தெளிக்கும் மருந்தும், செருப்பின் அடியை ஸ்பாஞ்சாக உப்ப வைக்கும் தூளும் அதே வயிற்றுப் பிள்ளைகள். பிறகு ஒரு சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடிப்பார். அதே குடும்பத்துப் பொடியில் செய்த போர்ஷே கரைசல் என்ற ஆரஞ்சு நிறத் திரவத்தில் வேறொரு திரவத்தைச் சொட்டவிட்டதும் குழாய்க்குள் மஞ்சளாக ஒரு மேகம் இறங்கும். "ஹைட்ரசோன் வந்துடுச்சு பாருங்க" என்பார். பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். உடனே அவர் பழையபடி ஆகிவிடுவார். "கைல படக்கூடாது! யாராவது தொட்டீங்களா? கைய காமிங்க!"

அந்தக் குடும்பத்தோடு அவருக்கு வீட்டிலும் ஒரு தொடர்பு உண்டு. சில வருடங்களுக்கு முன்பு அவர் கணவர் வேணுவுக்குக் காசநோய் வந்தது. மாத்திரை ஐசோநியாசிட். அது பிழைக்க வைக்கும் என்று டாக்டர் சொன்னார். ஈரலைக் கெடுக்கவும் கூடும் என்று டீச்சருக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்ட காலம் முழுக்க, விடிந்ததும் கணவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பாராம், மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று. "பல்லு விளக்கக்கூட விட மாட்டா. நோவு கம்மியாச்சு, இவ பயம் ஜாஸ்தியாச்சு" என்று வேணு என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் முழுதாகக் குணமாகி இப்போது மண்டித் தெருவில் கடலை வியாபாரம் பார்க்கிறார்.

போன தைப் பௌர்ணமிக்கு முந்தின நாள் நடந்தது இது.

செய்முறைத் தேர்வுக்கு முன்பு ஆய்வகத்தைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய ஆய்வகத்தின் மூலையில் ஒரு மர அலமாரி. டீச்சர் வேலைக்கு வருவதற்கு முன்பே பூட்டப்பட்டு, சாவி தொலைந்துபோனது. அன்று காலை ஆள் வைத்துச் சுத்தியலால் பூட்டை உடைத்தார்கள். டீச்சர் புதுக் கட்டிடத்தில் கேஸ் குழாய் சரிபார்க்கப் போயிருந்தார். பிளஸ் டூ பெண்கள் நாலைந்து பேர் பாட்டில்களை எடுத்து மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டுக் கயிறு கேட்டு நான் ஆய்வக வாசலுக்குப் போனதும் டீச்சர் திரும்பி வந்ததும் ஒரே நேரம்.

உள்ளே கவிநிலா நின்றிருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். பழுப்புக் கண்ணாடி பாட்டில் ஒன்றை வயிற்றோடு அணைத்து, மூடியில் துப்பட்டா முனையைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகிக்கொண்டிருந்தாள். மூடியைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் தூள் பொருக்குத் தட்டியிருந்தது.

டீச்சர் கத்துவார் என்றுதான் நினைத்தேன். பீக்கர் உருண்டாலே கத்துகிறவர். ஆனால் அவர் குரல், தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பேசுகிற மாதிரி வந்தது.

"கவி. திருகாதம்மா. அப்படியே நில்லு."

"மூடி வர மாட்டேங்குது மிஸ். லேபிள்ல ஒண்ணும் தெரியல. மேசைல ஒரு தட்டு தட்டுனா லூசாயிடும்."

"தட்டாத தங்கம். மூடிலருந்து கைய எடு. அந்த டவல் மேல மெதுவா வை. மெதுவா. சத்தமே வரக்கூடாது."

அவள் வைத்தாள். சத்தம் வரவில்லை. "இப்ப எல்லாரும் என்கிட்ட வாங்க. ஓடாதீங்க, நடந்து வாங்க." பெண்கள் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த கவிநிலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மைதானத்து வேப்பமரம் வரைக்கும் நடந்தார். அங்கே போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். பல் தண்ணீர் பாட்டிலில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது.

"அந்த ஆரஞ்சு நெறத்தப் பாத்தாலே தெரியுது, போர்ஷே கரைசல் செய்யற பொடிதான் தமிழம்மா அது. தண்ணி விட்டு ஈரமாவே வெக்கணும். ஈரமா இருந்தா சாது. காஞ்சுபோச்சுன்னா உரசுனாலே வெடிக்கலாம். மூடி மரையில தூளு இருக்குது, பாத்தீங்கல்ல? அதத்தான் அவ திருகிக்கினு இருந்தா. வயித்துல வெச்சிக்கினு."

தலைமையாசிரியர் வந்தார். கேட்டார். போலீஸைக் கூப்பிடச் சொன்னதும் முகம் சுளித்தார்.

"ஏம்மா, இத்தினி வருஷமா அலமாரில கெடந்துது. காலைல சுத்தியலால அடிச்சப்பகூட ஒண்ணும் ஆவல. இப்ப மட்டும் இன்னா ஆயிடும்? நாளைக்குப் பௌர்ணமி, நம்ம கிரவுண்டுலதான் வண்டிங்க நிக்கப் போவுது. இப்பப் போயி பாம்னு போலீசுக்குப் போன் பண்ணா ஊரே பயந்து ஓடும். வாட்ச்மேன விட்டுக் குப்பைல போடச் சொல்றேன்."

டீச்சர் எழுந்தார். நடந்துபோய் ஆய்வக வராந்தாவின் படியில், வழியை மறித்து நின்றார்.

"யாரும் உள்ள போவக்கூடாது சார்."

"நான் ஹெட்மாஸ்டர்மா."

"நீங்களுந்தான் சார்."

"வெடிக்கும்னு உறுதியா சொல்வியா?"

"சொல்ல மாட்டேன் சார். வெடிக்காமயே போவலாம். வெடிக்காதுன்னு நீங்க உறுதியா சொல்லுங்க, வழி விடறேன்."

அருள்ராஜ் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தடியில் நின்ற பெண்களைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

பௌர்ணமிக் கூட்டத்துக்காகக் கோயிலில் சோதனை போட வந்திருந்த வெடிகுண்டு தடுப்புப் பிரிவினர் ஊரிலேயே இருந்தார்கள். சீக்கிரம் வந்தார்கள். அவர்களின் அதிகாரி விமல்ராஜ் சிரித்த முகத்தோடுதான் ஜீப்பிலிருந்து இறங்கினார். டீச்சர் பாட்டிலில் இருப்பதன் பெயரைச் சொன்னதும், போனில் யாரிடமோ தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். சிரிப்பு போயிருந்தது.

"யாரு தொட்டது?"

கவிநிலா கையைத் தூக்கினாள். விரல்களில் மஞ்சள் கறை.

"எவ்ளோ திருகுன?"

"கொஞ்சந்தான் சார். வரல."

விமல்ராஜ் கைக்குட்டையால் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதுவரை எனக்கு இருந்த பயம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

பள்ளியைக் காலி செய்தார்கள். அம்மா வந்து கூட்டிப்போகட்டும் என்று கவிநிலாவை மட்டும் டீச்சர் தன்னோடு வைத்துக்கொண்டார். கனத்த கவச உடை போட்ட ஒருவர் மட்டும் உள்ளே போனார். அவர் போய் வந்த நேரம் முழுக்க டீச்சரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சாமி பெயரா, வேறேதுமா தெரியவில்லை. மணல் நிரப்பிய பெட்டியில் பாட்டிலை வைத்து, பள்ளிக்குப் பின்னால் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்துக்கு எடுத்துப் போனார்கள். சாலையைக் கயிறு கட்டி மறித்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள்.

"இப்ப வெடிச்சா இவங்க சொன்னது உண்மைன்னு தெரிஞ்சிடும், இல்ல சார்?" என்றார் அருள்ராஜ்.

"அது தெரியாது சார்" என்றார் விமல்ராஜ். "அத அழிக்க நாங்க ஒரு வெடி வெக்கிறோம். அது வெடிக்கும். கூட பாட்டிலும் வெடிச்சுதா இல்லையான்னு சத்தத்த வெச்சுப் பிரிச்சு சொல்ல முடியாது."

"அப்ப கடைசி வரைக்கும் தெரியாதா?"

"தெரிய வேணாம் சார்" என்றார் திரௌபதி டீச்சர்.

குவாரிப் பக்கம் ஒருவர் கையை உயர்த்தினார். ஜனங்களின் பேச்சு நின்றது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். தலைமையாசிரியரும் பொத்திக்கொண்டார். டீச்சர், கவிநிலாவின் தலையைத் தன் நெஞ்சோடு சாய்த்து, அவள் காதுகள் இரண்டையும் தன் இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி மூடினார். தன் காதுகளைத் திறந்தபடி விட்டுவிட்டு, குவாரியைப் பார்த்தபடி நின்றார்.

சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. பள்ளத்திலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்து மலைப்பக்கம் சாய்ந்தது. யாரோ கை தட்டினார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள், பஸ் நகர்ந்தது.

"முடிஞ்சிடுச்சு மிஸ், விடுங்க" என்றாள் கவிநிலா.

டீச்சர் கைகளை எடுக்கவில்லை.